அப்பாவுக்கு டயாலிசிஸ்: ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு வயது 36. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஏழு மாதமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள், ஐந்தரை வயது. அந்த மூன்று நாளும் 'அப்பா ஆபீஸ் போயிருக்கார்' என்றே அவளிடம் சொல்லி வந்திருக்கிறீர்கள். ஒன்றரை மாதமாக ராத்திரியில் படுக்கையை நனைக்கிறாள், பள்ளிக்குக் கிளம்பும்போது அழுகிறாள், தண்ணீர் குடிக்கச் சொன்னால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். இனி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். 'பச்சப்புள்ளகிட்ட இதையெல்லாம் சொல்லாத' என்கிறார் உங்கள் அத்தை, அதாவது கணவரின் அம்மா. சொல்வதா வேண்டாமா, சொன்னால் எவ்வளவு, மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்பது நீங்கள் எழுதியது. இப்படி ஒரு வீட்டில் வளர்வதால் என் பிள்ளைக்குக் கெடுதல் ஆகிவிடுமா என்ற பயமும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தென் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. மருந்து, சாப்பாட்டு அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு இவற்றைப் பற்றி உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்தக் குடும்பங்களில் சின்னப் பிள்ளைகள் நிறைய.

சொல்லத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெற்றோரின் நீண்ட கால நோய் பற்றிப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும் இடம் இது. காரணம் எளிது: உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியைப் பார்க்கிறாள். அவர் சட்டையில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு. அவர் தினமும் எடை மெஷினில் ஏறி இறங்குகிறார். சித்தப்பா போன் செய்தால் நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பேசுகிறீர்கள். ஆபீஸ் போய்விட்டு வருகிற யாரும் இப்படி வந்து சுருண்டு படுப்பதில்லை என்பது ஐந்து வயதுக்குப் புரியும். ஏதோ சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன சரியில்லை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தை அவள் தானே நிரப்பிக்கொள்கிறாள்.

இந்த வயதுப் பிள்ளைகள் அதை எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்பது ஓரளவு ஆராயப்பட்ட விஷயம். பிள்ளைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே, இரண்டு முதல் ஏழு வயது வரையான சிந்தனையைத் தனிக் கட்டமாகவே பிரித்தார். தான் நினைத்ததால் ஒன்று நடந்துவிட்டது, தான் செய்ததற்கும் அப்புறம் நடந்ததற்கும் தொடர்பு உண்டு என்று பிள்ளைகள் நம்பும் காலம் அது. பிள்ளைகள் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1980இல் பிபேஸும் வால்ஷும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சின்னப் பிள்ளைகள் நோய்க்கான காரணத்தைத் தங்கள் கண்ணுக்குப் பட்ட, பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்றில்தான் தேடுகிறார்கள் என்பது அதில் வருகிறது. வயிற்றின் மேல் ஏறிக் குதித்ததால் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. அப்பாவின் கையைத் தொட்டபோது உள்ளே கிர்ரென்று அதிர்வதை உணர்ந்து, அதற்குள் வண்டு புகுந்துவிட்டது என்று நம்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் பிஸ்டுலாவின் அதிர்வு அது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வண்டு எப்போது வெளியே வரும் என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்தான்.

இப்போது உங்கள் மகள் தண்ணீர் குடிக்க மறுப்பதைப் பார்ப்போம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குச் சிறுநீர் குறைவாகப் போகும் அல்லது போகவே போகாது. குடிக்கிற தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும், அளவு மீறினால் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணற வைக்கும். அதனால்தான் பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கும் குறைவு என்று மருத்துவர் அளவு வைக்கிறார். வீட்டில் இது எப்படிக் காதில் விழும்? 'தண்ணியக் குடிக்காதீங்க, மூச்சு முட்டும்', 'தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் போன வாரம் ஐ.சி.யு.ல படுத்தீங்க.' அவளும் இதைக் கேட்டிருப்பாள். தண்ணீர் என்பது ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் பொருள் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் நேரில் பார்க்காத பிள்ளையைப் பற்றி இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம் இதுதான். 'தண்ணி குடிச்சா என்ன ஆகும் பாப்பா?' என்று சாதாரணமாக, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். திருத்தாமல், இடையில் புகாமல் கேளுங்கள்.

படுக்கை நனைப்பதை மனசு சம்பந்தப்பட்டது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை ராத்திரியில் நனைப்பது உண்டு, அது நோய் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்வது முறை. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும், இரண்டுமே படுக்கையை நனைக்க வைக்கும். இன்னொன்று முக்கியம்: உங்கள் கணவருக்குச் சிறுநீரகம் எதனால் கெட்டது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என்றால் ஒரு கதை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோயாக இருந்தால், பெரியவர்களுக்கு வரும் வகையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது பிள்ளைக்கு எதை, எந்த வயதில் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். இதை நினைத்து இன்றே பயப்பட வேண்டாம். தகவல் மருத்துவரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்ட நாம் பயன்படுத்தும் பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோயாளி இருக்கும் வீட்டில் அது வேறு மாதிரி இறங்கும். 'சாப்பிடலன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்' என்று சொல்லாத வீடு குறைவு. ஊசி என்பது தப்புச் செய்தவர்களுக்கு என்று பழகிய பிள்ளை, வாரம் மூன்று நாள் ஊசி குத்திய கையோடு வரும் அப்பாவைப் பார்த்து என்ன நினைக்கும்? அப்பா ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறார் என்றுதான். 'நீ இப்படி அடம்பிடிச்சா அப்பாவுக்கு முடியாமப் போயிரும்' என்பது இன்னும் மோசம். அசதியில் வாயில் வந்துவிடும் வார்த்தை அது. ஆனால் அந்த வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். 'நீ சாமிகிட்ட நல்லா வேண்டிக்கிட்டா அப்பாவுக்குச் சரியாயிரும்' என்பதும் அன்பாகச் சொல்வதுதான். அப்பாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து அட்மிட் ஆனால், தான் சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். சாமி கும்பிடட்டும், நேர்த்திக்கடன் இருந்தால் செய்யுங்கள். அப்பா குணமாவதை அவள் வேண்டுதலோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். அது அவர் உடம்பு, அவர் சம்மதமும் அவர் இருப்பதும் வேண்டும். முடிந்தால் அவரே சொல்வது நல்லது. டயாலிசிஸ் இல்லாத நாளில், அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கும் நேரத்தில், அவளுக்குப் பசியோ தூக்கமோ இல்லாதபோது உட்காருங்கள். படுக்கப் போகும் முன் வேண்டாம். முதலில் அந்த ஆபீஸ் விஷயத்தைச் சரிசெய்யுங்கள்: 'அப்பா ஆபீஸ் போறார்னு சொன்னோம்ல, உண்மையில அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறார். உனக்குப் பயமா இருக்குமோன்னு அப்படிச் சொன்னோம். இனிமே உள்ளதைத்தான் சொல்லுவோம்.' இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிறகு நோயின் பெயர், அது என்ன செய்கிறது, யார் என்ன செய்கிறார்கள். நான் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'முதுகுப் பக்கம் எல்லாருக்கும் ரெண்டு கிட்னி இருக்கு. நம்ம உடம்புக்கு வேண்டாததை ஒண்ணுக்கா வெளிய அனுப்புறது அதோட வேலை. அப்பாவோட கிட்னி வேலை செய்யல. அதனால ஆஸ்பத்திரில ஒரு மெஷின் அந்த வேலையைச் செய்யுது. அப்பா நாலு மணி நேரம் அது பக்கத்துல படுத்திருக்கணும். அப்புறம் வீட்டுக்கு வந்துருவார், ரொம்பக் களைப்பா இருக்கும். இது நீ பண்ணின எதுனாலயும் வரல. அப்பாவத் தொட்டா, கட்டிப்பிடிச்சா உனக்கு ஒட்டாது. அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது நீ ஆச்சிகூட இருப்ப, நான் உன்னக் கூப்பிட வருவேன்.' கடைசி மூன்று விஷயங்களையும் அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், சில நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள்: உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பரம்பரை நோயாக இருந்தால் 'ஒட்டாது' என்று சொல்லுங்கள், 'உனக்கு வரவே வராது' என்று சத்தியம் செய்யாதீர்கள்.

தண்ணீருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: 'உன் கிட்னி நல்லா வேலை செய்யுது, அதுக்குத் தண்ணி வேணும். அப்பாவுக்கு மட்டும்தான் டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கார்.' ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொன்னால், எல்லா ரத்தமும் வெளியே போய்விடும் என்று பயப்படுவாள். ஒரு நேரத்தில் ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான் குழாய்களிலும் மெஷினிலும் இருக்கும், அது சுத்தமாகித் திரும்பி வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே இருக்கும்போது பாதியில் எழுந்து விளையாடப் போய்விடுவாள். காதில் வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவளுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் கொள்ளும். நாலு நாள் கழித்து, பல் விளக்கும்போது அதே கேள்வியைக் கேட்பாள். அதே பதிலைச் சொல்லுங்கள். பத்துத் தடவை கேட்டாலும் அப்படித்தான். 'சீக்கிரம் சரியாயிரும்' என்பது மட்டும் வேண்டாம். அது எப்போது என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

அப்பாவின் கையைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பிஸ்டுலாவின் மேல் அவள் விரலை மெதுவாக வைத்து அந்த அதிர்வைக் காட்டி, 'இது ஓடிட்டு இருந்தாத்தான் நல்லது' என்று அவரே சொல்லட்டும். அந்தக் கையில் தலை வைத்துப் படுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, அந்தக் கையால் அப்பா அவளைத் தூக்க மாட்டார் என்ற விதிகளை அப்போதே சொல்லிவிடலாம். கூடவே அவளுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: அப்பாவின் மறு கைப்பக்கம் அவளுடையது, அங்கே எப்போது வேண்டுமானாலும் ஒட்டிப் படுக்கலாம். கூடாது என்பதை மட்டுமே கேட்கிற பிள்ளை அப்பா பக்கத்திலேயே போகாமல் ஒதுங்கிவிடும். கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் இருந்தால் அதைத் தொடவே கூடாது. தொற்று ஆபத்து அதில் அதிகம்.

'அப்பா செத்துருவாரா?' என்று கேட்பாள். இன்று இல்லாவிட்டால் ஆறு மாதத்தில். ஹங்கேரியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பேசி மரியா நாகி என்பவர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவைத் திரும்பி வரக்கூடிய பயணம் போலவோ தூக்கம் போலவோ எண்ணுவதைக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் அவர் சொன்ன வயதுக் கணக்குகளைத் திருத்தினாலும், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இந்தப் புரிதல் மாறிக்கொண்டே இருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். 'சேச்சே, அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று வாயைப் பொத்தினால் இனி கேட்க மாட்டாள், நினைப்பதை நிறுத்தவும் மாட்டாள். 'இல்லவே இல்ல' என்று சத்தியமும் செய்ய முடியாது. நான் சொல்லச் சொல்வது: 'அப்பாவுக்குப் பெரிய உடம்பு முடியாமத்தான் இருக்கு. அப்படி ஆகக் கூடாதுன்னுதான் டாக்டர், நர்ஸ் அக்கா, நாங்க எல்லாரும் பாத்துக்கிறோம். இன்னைக்கு அப்பா நல்லா இருக்கார். ஏதாவது மாறினா நானே உங்கிட்டச் சொல்லுவேன்.' இந்தக் கேள்விக்குள் பெரும்பாலும் 'என்னை யார் பார்த்துப்பா?' என்பதுதான் இருக்கும், அதற்கும் பதில் சொல்லிவிடுங்கள். ஊரில் யாராவது இறந்தால் 'தூங்கிட்டாங்க' என்று அவளிடம் சொல்லாதீர்கள். டயாலிசிஸ் முடிந்து வந்து மதியம் முழுக்க அசந்து தூங்கும் அப்பா இருக்கும் வீட்டில் அந்த வார்த்தை அவளைக் கதிகலங்க வைக்கும்.

உங்கள் அத்தை சொல்வதில் உள்ள அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மகன் படுக்கும் வேதனையைப் பேத்தியும் சுமக்க வேண்டாம் என்று அந்தத் தாய் நினைக்கிறார். அவரை எதிர்த்து நின்று இதைச் செய்யாதீர்கள். பேத்தியிடம் இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் அது பழைய நிலையைவிடக் கெடுதல். 'அத்தை, அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு, தப்பாத் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் தண்ணி குடிக்க மாட்டேங்குறா' என்று காட்டுங்கள். எவ்வளவு சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிக் காட்டுங்கள். பயமுறுத்தும் எதையும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான ஆச்சிகள் தளர்ந்துவிடுவார்கள். டயாலிசிஸ் நாளில் பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு மாறாத ஆள் அவர்தான். மேல்நாட்டு ஆய்வுகள் இரண்டு பெற்றோர் மட்டும் உள்ள வீட்டை வைத்தே பெரும்பாலும் பேசுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தத் தாங்கலுக்கு அவற்றில் இடம் குறைவு.

உதவி, பொறுப்பு இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அப்பாவுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுப்பது, படம் வரைந்து கொடுப்பது, போர்வையைக் கொண்டுவருவது எல்லாம் நல்லது, அவள் கையைக் கட்டிப்போட வேண்டாம். ஆனால் 'நான் வேலைக்குப் போறேன், அப்பா தண்ணி குடிக்கிறாரா பாத்துச் சொல்லு' என்று ஐந்து வயதுப் பிள்ளையைக் காவலுக்கு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அப்பா குடித்தால் காட்டிக்கொடுத்த குற்றம், சொல்லாமல் விட்டு அப்பாவுக்கு மூச்சு முட்டினால் தன்னால் வந்தது என்ற குற்றம், இரண்டுமே அவள் தலையில் விழும். அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதும் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவதும் பெரியவர்கள் வேலை. கொஞ்ச நஞ்ச உதவி பிள்ளைகளுக்குக் கெடுதலா நல்லதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. இரக்க குணமும் திறமையும் வளர்கின்றன என்பவர்களும் உண்டு, பிள்ளைப் பருவம் பறிபோகிறது என்பவர்களும் உண்டு. தன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்குவதுதான் கெடுக்கிறது என்பது என் அனுபவம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அப்பாவுக்குத் தடை இருக்கும். அதற்காக அவற்றை வாங்குவதையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு அவை வேண்டும். அப்பா முன்னால் சாப்பிடச் சங்கடப்பட்டால் அப்பாவே 'நீ சாப்பிடு' என்று சொல்லட்டும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: 'முன்ன மாதிரி பாப்பாகூட விளையாடுறதில்ல, எரிஞ்சு விழுறார்.' டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அந்த நாளில் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள், மகளிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்: 'இன்னைக்கு அப்பா களைப்பு நாள், கோவமா இருந்தா அது உம்மேல இல்ல.' இடைப்பட்ட நாளில் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது தவறக் கூடாது. படுத்துக்கொண்டே கதை சொல்லலாம், அவள் பள்ளியில் நடந்ததைச் சொல்லக் கேட்கலாம், தாயம் உருட்டலாம். பிள்ளை எண்ணிக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். சுவர் நாட்காட்டியில் ஆஸ்பத்திரி நாளுக்கு ஒரு நிறம், அப்பா நாளுக்கு ஒரு நிறம் என்று அவளையே பூசச் சொல்லுங்கள். எரிச்சலும் ஒதுங்குதலும் வாரக்கணக்கில் மாறாமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டயாலிசிஸில் உள்ளவர்களுக்கு அது அடிக்கடி வரும், சிகிச்சையும் உண்டு. சிறுநீரக மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ராத்திரியில் திடீரென்று மூச்சுத்திணறி 108ஐக் கூப்பிடும் நிலை வந்தால் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்துவையுங்கள். காலையில் கண் விழித்தால் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை என்பதைப் போலப் பிள்ளைகளைக் கலங்கடித்தது வேறு எதுவும் இல்லை என்று என்னிடம் பேசிய வளர்ந்த பிள்ளைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு அவசரமானாலும் அவளை எழுப்பி, 'அப்பாவுக்கு மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரி போறோம், ஆச்சி உங்கூட இருப்பாங்க, விடிஞ்சதும் போன் பண்றேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி போன் செய்யுங்கள். வகுப்பு மிஸ்ஸிடமும் விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி வையுங்கள். மகளை யார் கூப்பிட வருவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாற்று சிறுநீரகப் பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். 'யார் கிட்னி குடுக்கப் போறா' என்று பெரியவர்கள் கூடத்தில் பேசுவது பிள்ளை காதில் விழுந்தால், தன்னுடையதை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படும். பிள்ளைகளிடமிருந்து எடுக்க மாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் உயிருள்ள சிறுவர்களிடமிருந்து உறுப்பு எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் மனைவிகளும் அம்மாக்களும். நீங்களே கொடுப்பதாக இருந்தால், ஒரே நாளில் அப்பாவும் அம்மாவும் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார்கள். அந்த வாரங்களில் மகள் யாரிடம், எந்த வீட்டில் என்பதை அறுவைச் சிகிச்சைத் தேதியை முடிவு செய்யும்போதே முடிவு செய்யுங்கள். வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவத்தை விட்டு எடுக்கும் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றியும் ஒரு வார்த்தை: வீட்டிலேயே செய்வதால் அப்பா கண்ணெதிரே இருப்பார், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். ஆனால் திரவம் மாற்றும்போது அறை சுத்தமாக இருக்க வேண்டும், பிள்ளை உள்ளே வரக் கூடாது, எல்லோருக்கும் அது பொருந்தாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி உங்கள் பயம். நோயாளி உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கவலை, சோர்வு போன்ற சிக்கல்கள் மற்ற பிள்ளைகளைவிடச் சற்று அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பகுதி புற்றுநோய் வந்த பெற்றோரைப் பற்றியவை, மேல்நாடுகளில் செய்யப்பட்டவை. டயாலிசிஸ் பல ஆண்டுகள் நீளும் வாழ்க்கை என்பதால் அவற்றை அப்படியே இங்கே பொருத்த முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள் என்பதும் அதே ஆய்வுகளில் உண்டு. நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, வீட்டில் பேச்சு எப்படி இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கும் பெற்றோரின் மனநிலை எப்படி என்பவைதான் பிள்ளையின் நிலையை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் உங்கள் தூக்கமும் சாப்பாடும் இதில் சேரும். வாரம் ஒரு டயாலிசிஸ் நாளிலாவது மைத்துனரோ அண்ணனோ அவரோடு போகட்டும். நோர்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தேவையையும் மருத்துவப் பணியாளர்கள் கவனிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே உங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். டயாலிசிஸ் பிரிவு நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ நீங்களாகப் போய் 'எனக்கு ஐந்து வயதுப் பிள்ளை இருக்கு' என்று ஆரம்பியுங்கள்.

மனநல மருத்துவரிடம் உடனே ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்ன பிறகு முதல் சில நாள் அழுகையும் ஒட்டிக்கொள்வதும் கூடலாம், பிறகு தணியும். ஒரு மாதம் கடந்தும் பள்ளிக்குப் போகாமல் இருந்தால், சாப்பாடு குறைந்து எடை இறங்கினால், விளையாட்டையே விட்டுவிட்டால், 'நானும் செத்துப் போறேன்' என்பது போலப் பேசினால் தாமதிக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுவதும் தமிழில் பேசலாம், 2022இல் தொடங்கிய அரசுச் சேவை அது, கட்டணம் இல்லை. உங்களுக்காகவும் அதே எண்ணைக் கூப்பிடலாம்.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள்: குழந்தை மருத்துவரிடம் சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனை, அப்புறம் தண்ணீர் பற்றி மகளிடம் அந்த ஒரு கேள்வி. மற்றதெல்லாம் அதற்கடுத்த வாரம் ஆகட்டும். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு என்ன காரணம் சொன்னார்கள், கேள்விக்கு மகள் என்ன பதில் சொன்னாள் என்று எழுதினால், அவளிடம் என்ன வார்த்தையில் பேசலாம் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.